கூப்பிடு தூரத்துக் கும்பகோணம்

கும்பகோணத்தின் நடுப்பகுதி நடப்பவர்களுக்கான ஊர். கும்பேசுவரர் கோயில், பொற்றாமரைக் குளம், சாரங்கபாணி கோயில் எல்லாம் கூப்பிடு தூரம். இடையிலேயே கடைத்தெரு. வெற்றிலை, காய்கறி, மருந்து, குத்துவிளக்கு வாங்கி, டிகிரி காபியும் குடித்துவிட்டு வீடு திரும்பலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கும்பேசுவரர் கோயிலின் நீண்ட நுழைவு மண்டபம். தலைக்கு மேல் கூரை, இருபுறமும் வளையல், குங்குமம், பூஜைச் சாமான் கடைகள். உச்சிவெயிலிலும் பாட்டிகள் நின்று நிதானமாகப் பேரம் பேசுகிறார்கள். குழந்தையின் கையைச் சற்று விட்டாலும் பயமில்லை.

வெளியே வந்தால் அந்த நிம்மதி இல்லை. தெருவோரத்தை பைக்குகள் அடைத்துக்கொள்ள, நடப்பவர்கள் வண்டிகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருக்கிறது.

ஊரில் கூட்டம் பெருகும் அடுத்த மகாமகத் திருவிழா 2028இல். அதற்குள்ளாவது இந்தத் தெருக்களுக்கு நிழலும் தடையில்லாத நடைபாதையும் கிடைக்க வேண்டும்.