அடுப்பு எரிந்தால்தான் விளக்கு எரியுமா?

அமெரிக்காவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாடியறையில் படுத்திருப்பவரின் தலைமாட்டில் ஒரு சிறு பொத்தான் பெட்டி இருக்கிறது. அவர் பொத்தானை அழுத்தினால் கீழே கூடத்து விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. மீண்டும் அழுத்துகிறார். பயனில்லை. இதற்குள் சமையலறையில் ஒருவர் ரொட்டி சுட மின்னடுப்பைப் போடுகிறார். இப்போது பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது! அடுப்பை அணைத்ததும் பழையபடி எரிய மறுக்கிறது.

வாசகர்களே, இது கட்டுக்கதையன்று. வீட்டு விளக்குகளைத் தானாக இயக்கும் எக்ஸ்-10 என்னும் அமைப்பைப் பயன்படுத்தியவர் பலர் கண்ட காட்சிதான். 1975-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் நகரிலிருந்த பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. அந்நிறுவனத்தின் பத்தாவது திட்டம் ஆதலால் அப்பெயர். 1978-இல் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் இலட்சக்கணக்கான வீடுகளில் இடம்பெற்றது. இத்தகைய அமைப்புகளுக்கெல்லாம் முன்னோடி எனலாம். ஆகவே இதன் குறையை ஆராய்வது பழைய பொருளைப் பழிப்பதற்காக அன்று. இதே குறையை இன்றைக்கும் மாணவர்கள் தங்கள் கருவிகளில் செய்கிறார்கள்; அதனால்தான்.

முதலில் இதன் சிறப்பைச் சொல்லிவிடுவோம். சுவரை உடைத்துப் புதுக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. விளக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியே கட்டளையையும் கொண்டுவருகிறது. அமெரிக்க மின்வழியில் மின்னழுத்தம் வினாடிக்கு 60 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அது சுழியைக் கடக்கிறது. அந்தக் கணத்தில் அனுப்பிக் கருவி 120 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரு துடிப்பைக் கம்பியில் ஏற்றுகிறது. துடிப்பின் நீளம் ஒரு மில்லி செகண்டு. அதாவது அதனுள் 120 அதிர்வுகள் அடங்கும். அனுப்பியும் ஏற்பியும் தனித்தனிக் கடிகாரம் வைத்துக்கொள்ள வேண்டாம். மின்வழியின் சுழிக் கணமே இருவருக்கும் கடிகாரம். எத்தனை சிக்கனமான யோசனை, பாருங்கள்!

இலக்கம் 1 என்றால் ஒரு சுழிக் கணத்தில் துடிப்பு, அடுத்ததில் மௌனம். இலக்கம் 0 என்றால் முதலில் மௌனம், பின்னர் துடிப்பு. தொடக்கக் குறிக்கு 2 சுற்று, வீட்டுக் குறியீட்டுக்கு 4 சுற்று, விளக்கு எண்ணுக்கோ செயலுக்கோ 5 சுற்று. ஆக 11 சுற்றுகள் ஒரு செய்தி. அதனை இருமுறை அனுப்ப வேண்டும். "இன்ன விளக்கு" என்பது ஒரு செய்தி. "ஏற்று" என்பது மற்றொரு செய்தி. இடையே 3 சுற்று ஓய்வு. எல்லாம் சேர்ந்து 47 சுற்றுகள். 60-ஆல் வகுத்தால் முக்கால் வினாடிக்குச் சற்று மேல். 16 வீட்டுக் குறியீடுகள், ஒவ்வொன்றிலும் 16 எண்கள். ஆக 256 விளக்குகளை அழைக்கலாம்.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒவ்வொரு இலக்கத்தையும் அதன் எதிர்மறையோடு சேர்த்து அனுப்புகிறார்கள். செய்தியையும் இருமுறை அனுப்புகிறார்கள். ஒரே விஷயத்தை நான்கு தடவை சொல்வது போலத்தான். கம்பியை நம்ப முடியாது என்பது அமைத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அப்படியிருந்தும், நான்கு தடவை சொன்னவர்கள் ஒருமுறையாவது "கேட்டதா?" என்று கேட்கவில்லை! விளக்கோடு இணைந்த ஏற்பி கட்டளையைப் பெறும், மறுமொழி கூறாது. அஞ்சல் பெட்டியில் கடிதத்தைப் போட்டதும் அது சேர்ந்துவிட்டதாகக் கணக்கெழுதும் அலுவலகத்தைப் போன்றது இது.

இக்குறை எத்தனை தொல்லை தருகிறது என்பதைப் பழுது பார்க்கும்போதுதான் உணர முடியும்.

அடுப்புப் புதிரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வீட்டுக்குள் கம்பத்து மின்மாற்றியிலிருந்து இரண்டு மின்கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. ஒவ்வொரு மின்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். இரு மின்கம்பிகளுக்கும் இடையே 240 வோல்ட். வீட்டின் பாதி இணைப்புகள் ஒரு கம்பியிலும் மீதி மற்றதிலும் பிரிந்திருக்கும். மாடியறைப் பொத்தான் பெட்டி முதற்கம்பியிலும் கூடத்து விளக்கு இரண்டாம் கம்பியிலும் அமைந்துவிட்டால், துடிப்பு கம்பம் வரை போய் மின்மாற்றியின் சுருள் வழியாகத் திரும்பி வர வேண்டும். வரும்போது அது நலிந்துவிடுகிறது. மின்னடுப்போ 240 வோல்ட்டில் இயங்குவது. இரு கம்பிகளையும் இணைப்பது. 2400 வாட் அடுப்பின் சுருளுக்கு மின்தடை 24 ஓம் மட்டுமே. அடுப்பு எரியும்போது அதுவே இரு கரைகளுக்கும் பாலமாகிவிடுகிறது. போதிய சூடு ஏறியதும் அடுப்பின் வெப்ப ஒழுங்கி மின்னோட்டத்தைத் துண்டிக்கும். பாலமும் அப்போதே அறுந்துவிடும். இதற்குப் பரிகாரம் எளிது. மெயின் பலகையில் இரு கம்பிகளுக்குமிடையே மின்தேக்கியைக் கொண்ட ஓர் இணைப்பியைப் பொருத்தினால் 120 கிலோ ஹெர்ட்ஸ் கடந்து செல்லும். 60 ஹெர்ட்ஸ் தடைப்படும். (இதனைத் தேர்ந்த மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். மெயின் பலகை மாணவர்களின் சோதனைச்சாலை அன்று.)

அடுத்த தொல்லை, துடிப்பை விழுங்கும் கருவிகள். தொலைக்காட்சி, கணிப்பொறி முதலியவற்றின் மின்வாயிலில் இரைச்சலை வடிகட்ட ஒரு மின்தேக்கி வைத்திருப்பார்கள். அதன் அளவு 0.1 மைக்ரோ ஃபாரட் என்று கொள்ளுங்கள். பள்ளியில் படித்த மின்மறுப்புச் சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு விடை ஏறத்தாழ 26,500 ஓம். மின்சாரத்துக்கு அது மூடிய கதவு. 120 கிலோ ஹெர்ட்ஸுக்கோ 13 ஓம்தான்! கட்டளைத் துடிப்புக்கு அது திறந்த சாக்கடை. தொலைக்காட்சி ஓடாமல் சும்மா இருந்தாலும் போதும்; பிளக் செருகியிருந்தால் விழுங்கிவிடும். வீட்டுக்காரர் புதிதாக ஒரு கணிப்பொறி வாங்கி மேசையில் வைத்த அன்று முதல், அடுத்த அறை விளக்கு சொன்னபடி கேட்கவில்லை என்றால் அவர் எதைச் சந்தேகிப்பார்? விளக்கைத்தான், அல்லது ஏற்பியைத்தான். குற்றமற்ற ஏற்பிகள் எத்தனை இப்படிக் குப்பைக்குப் போயினவோ!

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய ஏற்பியை அனுப்பிக்கு அருகிலுள்ள பிளக்கில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்தால் ஏற்பி நல்லது. கோளாறு வழியில் இருக்கிறது. பின்னர் வீட்டிலுள்ள மின்கருவிகளின் பிளக்குகள் யாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வர வேண்டும். எதைச் செருகியதும் விளக்கு மறுக்கிறதோ அதுவே குற்றவாளி. அதற்கு முன்னால் ஒரு வடிகட்டியைப் பொருத்தினால் போதும். நேர்மையான, அறிவியல் முறைப்படியான வழிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் மாடியில் அழுத்த, மற்றவர் கீழே நின்று "எரிகிறது", "எரியவில்லை" என்று கூவ வேண்டும். கவனியுங்கள்: அந்தக் கூவலே இவ்வமைப்பில் விடுபட்டுப்போன மறுமொழி! கருவி செய்ய வேண்டிய வேலையை வீட்டு மனிதர்கள் தொண்டை வலிக்கச் செய்கிறார்கள்.

நிரல் எழுதும்போது இக்குறை மேலும் ஆழமாகிறது. கணிப்பொறியில் எழுதிய நிரலை வாங்கி வைத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் கட்டளையிடும் இடைமுகப் பெட்டிகள் 1980-களிலேயே வந்துவிட்டன. மாலை 6 மணிக்கு வாசல் விளக்கை ஏற்று, இரவு 11 மணிக்கு அணை என்று எழுதுவது சுலபம். கட்டளை வழியில் தொலைந்தால்? ஐந்து நிமிடம் கழித்து அதே கட்டளையை மறுபடியும் அனுப்பச் சொல்லலாம். எரிகிற விளக்குக்கு "ஏற்று" என்று மீண்டும் சொன்னால் கெடுதல் இல்லை.

"மங்கலாக்கு" என்னும் கட்டளையின் கதை வேறு. பழைய எக்ஸ்-10 ஏற்பிக்கு "பாதி வெளிச்சம்" என்று சொல்ல முடியாது. "இப்போது இருப்பதைவிட ஒரு படி குறை" என்றுதான் சொல்ல முடியும். இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது நிரலுக்குத் தெரியாது. சேருமோ சேராதோ என்று இருமுறை அனுப்பினால், இரண்டும் சேர்ந்துவிட்டால் இரண்டு படி குறைந்துவிடும். ஒருமுறை மட்டும் அனுப்பினால் ஒன்றுமே நடக்காமல் போகலாம். சில நாட்களில் நிரல் நினைக்கும் வெளிச்சத்துக்கும் அறையில் உள்ள வெளிச்சத்துக்கும் தொடர்பே இராது. நிலையைச் சொல்லும் கட்டளைக்கும் மாற்றத்தைச் சொல்லும் கட்டளைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னதை எத்தனை முறை சொன்னாலும் பலன் ஒன்றே. பின்னதை எண்ணித்தான் சொல்ல வேண்டும். மறுமொழி இல்லாத வழியில் எண்ணிச் சொல்வது எப்படி?

நிரல் எழுதுவோர் ஒரு தந்திரம் கண்டார்கள். முதலில் வெளிச்சத்தை உச்சிக்கு ஏற்றிவிடு. பின்னர் வேண்டிய அளவு படிகள் இறக்கு. இருட்டில் படிக்கட்டின் மேற்கோடியைத் தொட்டுவிட்டு எண்ணிக்கொண்டே இறங்குவது போல. தந்திரம் பலிக்கும். ஆனால் இரவு 10 மணிக்குக் குழந்தையின் அறையில் விளக்கை மெல்ல மங்கச் செய்ய நினைத்தால், அது முதலில் பளீரென்று எரிந்து குழந்தையை எழுப்பிவிடும். அணைந்திருக்கும் விளக்குக்கு "மங்கலாக்கு" என்று சொன்னாலும் பழைய ஏற்பி முதலில் முழு ஒளியோடு எரிந்து, பிறகுதான் மங்கும். மின்தடை ஏற்பட்டுத் திரும்பினால் தன் பழைய நிலையை மறந்து அணைந்தே கிடக்கும். இரவெல்லாம் மாடிப்படி விளக்கு எரியும் என்று நம்பி இறங்கும் முதியவரை எண்ணிப் பாருங்கள். "எரிகிறது" என்று கணிப்பொறித் திரை காட்டுகிறது, படியோ இருட்டு. இவ்விடத்தில் குறை வெறும் தொல்லையாக நிற்பதில்லை.

மறுபக்க நியாயத்தையும் கூற வேண்டும். 1975-இல் ஒவ்வொரு ஏற்பிக்குள்ளும் ஓர் அனுப்பியையும் வைத்திருந்தால் விலை கட்டுபடியாகியிருக்காது. யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். இது சரியான வாதமே. ஆயினும் எக்ஸ்-10 கட்டளைப் பட்டியலைப் பாருங்கள்: "உன் நிலை என்ன?" என்று கேட்கும் கட்டளையும், "எரிகிறேன்", "அணைந்திருக்கிறேன்" என்னும் விடைகளும் அதிலேயே இடம்பெற்றிருக்கின்றன! தேவையை உணர்ந்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மறுமொழி கூறும் ஏற்பிகள் சில பின்னர் வந்தன. நிலையை நேராகச் சொல்லும் விரிவுக் கட்டளைகளும் வந்தன. ஆனால் வீடுகளை நிறைத்தவை ஊமை ஏற்பிகளே. விலை இறங்கிய பின்னரும் அவற்றையே விற்றுக்கொண்டிருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2005-இல் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்னும் அமைப்பு வந்தது. மின்கம்பி, வானொலி அலை ஆகிய இரண்டின் வழியாகவும் கட்டளை செல்லும். பெற்றவர் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் மறுபடி அனுப்பப்படும். எக்ஸ்-10 விட்ட குறையை இது பெரும்பாலும் நிறைவு செய்தது. ஆனால் 2022 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் மையக் கணிப்பொறிகள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. சுவர்ச் சுவிட்சுகள் வேலை செய்தன. கைப்பேசி வழியாக இயக்கி வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். இரண்டு மாதங்களில் பயனாளர் சிலர் சேர்ந்தே அதனை வாங்கி மீட்டார்கள். ஊமை எக்ஸ்-10 ஏற்பியையோ எந்த நிறுவனமும் தொலைவிலிருந்து நிறுத்திவிட முடியாது. நல்ல மறுமொழிக்கு வேறொருவர் வீட்டுக் கணிப்பொறி தேவையில்லை என்பதைப் புதிய அமைப்புகளை ஆக்குவோர் மறந்துவிடக் கூடாது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நள்ளிரவில் விளக்கு தானே எரிந்தால் என்ன செய்வது? ஒரே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறும் அண்டை வீட்டிலும் இதே அமைப்பு இருந்து, இருவரும் ஒரே வீட்டுக் குறியீட்டையும் ஒரே விளக்கு எண்ணையும் வைத்திருந்தால், அவர் தம் விளக்கை ஏற்றும்போது உங்கள் விளக்கும் எரியும். குறியீட்டுச் சக்கரத்தை வேறெழுத்துக்குத் திருப்பிப் பாருங்கள். அதன்பின்னும் எரிந்தால் அண்டை வீட்டார் குற்றவாளியல்லர், பல்பைப் பாருங்கள். விளக்கின் சொந்தச் சுவிட்சைத் தட்டினாலும் எரிய வேண்டும் என்பதற்காக, ஏற்பி எப்போதும் ஒரு சிறு மின்னோட்டத்தைப் பல்பு வழியே விட்டுச் சோதித்துக்கொண்டிருக்கிறது. இழை பல்புக்காகச் செய்த ஏற்பாடு அது. எல்.இ.டி. பல்பை மாட்டினால், அதனுள்ளிருக்கும் மின்தேக்கி நிரம்பி வடிவதையே சுவிட்சைத் தட்டியதாக ஏற்பி எண்ணிவிடலாம். அந்த விளக்குக்கு மங்கலாக்கும் ஏற்பியைக் கழற்றிவிட்டு, இவ்வாறு சுவிட்சைச் சோதிக்கும் ஏற்பாடு இல்லாத ரிலே ஏற்பியைப் போடுவதே சரி.