யாளியின் குதிகால்

யாளி பற்றிய அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்ட் உங்களுக்கும் வந்திருக்கும். டைனோசர் மாதிரி யாளியும் ஒரு காலத்தில் நிஜமாக வாழ்ந்ததாம். கண்ணால் பார்க்காமல் இவ்வளவு தத்ரூபமாகச் செதுக்க முடியாதாம். முடிவு அபத்தம். ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். இல்லாத மிருகம் ஏன் இருப்பது மாதிரி தெரிகிறது?

ஐயப்பன்தாங்கலில் இருக்கும் எனக்கு இதற்கான பாடசாலை பக்கத்திலேயே இருக்கிறது. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயைப் பிடித்தால் காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம் விஜயநகரக் காலத்து வேலை. அங்கே முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைகளும் யாளிகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

முகத்தை விடுங்க, பின்னங்காலைப் பாருங்க. நாய், சிங்கம், குதிரை எதுவானாலும் பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டு முழங்கால் கிடையாது, குதிகால். நிஜ முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இந்த இரண்டு மடிப்பும் சரியான இடத்தில் விழுந்து, எழும்பும் உடம்பின் பாரம் இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்கினால் போதும். மேலே எந்தத் தலையை வைத்தாலும் கண் நம்பிவிடும்.

தலையைத்தான் சிற்பிகள் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சிம்ம யாளி, கஜ யாளி, அசுவ யாளி. எங்க தொழில் பாஷையில் சொன்னால் ஒரே பேஸ் கிளாஸ், தலை மட்டும் ப்ளக்-இன். ஃபார்வர்டுக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது: நிஜ மிருகம் எதுவும் கோயிலுக்குக் கோயில் தலையை மாற்றிக்கொள்ளாது. "சங்க இலக்கியத்தில் ஆளி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, யானையையே தாக்கும் விலங்காக. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கால்மூட்டைக்கூடச் செதுக்க முடியாது.

இந்த முறை தடுமாறும் இடம் சரபம். தாராசுரத்தில் சரபமூர்த்தி சிற்பம் உண்டு. எட்டுக் கால், அதோடு இறக்கை என்பது புராண வர்ணனை. பறவைக்கும் வௌவாலுக்கும் முன்னங்கால்தான் இறக்கையாக மாறியிருக்கிறது. முன்னங்கால் முழுதாக இருக்கும்போது தனி இறக்கைக்குத் தோள் எலும்பு எங்கே, நெஞ்சுத் தசை எங்கே? 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிராகன்களுக்கு இரண்டே கால் வைத்தது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும் வழி. தூண் யாளிகளுக்குப் பெரும்பாலும் இறக்கையே கிடையாது என்பதால் அங்கே பிரச்சினை எழவில்லை.

இப்போது ஏஐ வரைந்து தரும் யாளிகளில் நான் பார்த்தவரை பிடரி மின்னுகிறது, செதில் பளபளக்கிறது, தொடை எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. நகையைக் காப்பி அடித்தாயிற்று, எலும்பை விட்டாயிற்று.

அதனால்தான் அந்த ஃபார்வர்ட் மேல் எனக்குக் கோபம். "பார்த்துத்தான் செதுக்கினான்" என்பது பாராட்டு மாதிரி இருக்கும். உண்மையில் அது சிற்பியின் மூளையைக் கணக்கிலிருந்து கழிப்பது. அவன் பார்த்தது தெருவில் போன யானையையும் குதிரையையும். மிச்சத்தை யோசித்துச் செய்தான்.

அடுத்த முறை கோயிலுக்குப் போனால் யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தைத் தேடுவதற்கு முன்னால், குதிகாலைக் கொஞ்சம் பாருங்க.