சிங்காநல்லூரே திப்ருகருக்கு வந்த சித்திரை

எங்கள் சிங்காநல்லூர்ப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அசாமுக்கு வந்து எங்களோடு தங்கிவிட்டுப் போனார்கள். ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வாய்க்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பவே மாட்டேன். கல்யாணம், புது வீட்டுப் பால் காய்ச்சல், பிள்ளை பள்ளியில் பரிசு வாங்கியது எல்லாம் நானும் பார்த்தவள்தான். கண்காணாத தூரத்துக்குக் குடிபோன பிறகு, உயிராய்ப் பழகினவர்கள் மூட்டை முடிச்சோடு நம் வாசலில் வந்து இறங்குகிறார்களே, அதற்கு ஈடாக வேறொன்றும் கிடையாது.

என் வீட்டுக்காரருக்கு வங்கி வேலை. மாற்றல் உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் திப்ருகர் என்ற ஊர் பிரம்மபுத்திராவின் தென்கரையில், சுற்றிலும் தேயிலையோடு உட்கார்ந்திருப்பதே எங்களுக்குத் தெரியும். கோவையில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்று மட்டும்தான். சாம்பார்க் கிண்ணம் அந்த மதில் மேலேயே இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும். பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தங்கச்சி என்பார். நான் அண்ணா, அண்ணி என்பேன். என் பையனுக்கு அவர்கள் மாமா, அத்தை. சொந்தமா என்று கேட்டால் இரத்தத்தில் இல்லை. வீட்டைக் காலி செய்த அன்றைக்கு அண்ணாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்தச் சீமைக்குப் போனாலும் வந்து பாப்பேன் கண்ணு” என்றார். வழியனுப்பும்போது எல்லாரும் சொல்வதுதான். அம்மா அதை அப்படியே நிறைவேற்றினார்!

விமானத்தில் வந்திருக்கலாம். ரயிலில்தான் வருவேன் என்றார் அண்ணா, அதற்கு அவருக்குக் கோடி நன்றி. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகருக்கு ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் இந்தியாவிலேயே அதிக தூரம் போகும் ரயில். 4,100 கிலோமீட்டருக்கு மேல். விவேகானந்தரின் 150-வது பிறந்த ஆண்டை முன்னிட்டு 2011-ல் விட்டார்கள். கோவை, ஈரோடு, சேலம் என்று நம் ஊர்களைத் தொட்டு, ஆந்திரா, ஒடிசா, வங்காளம் என்று ஏறி, அசாமுக்குள் நுழைந்த பிறகும் நாகாலாந்தின் திமாபூரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஊருக்கு வரும். ஏறின நிமிஷத்திலிருந்து அண்ணி போனில் செய்தி சொல்லிக்கொண்டே வந்தார். கட்டுச்சோறு விஜயவாடா வரைக்கும் வந்தது, விசாகப்பட்டினத்தில் தயிர் கிடைத்தது, நியூ ஜல்பைகுரி தாண்டியாச்சு, எதிர் சீட்டு வங்காளப் பாட்டியும் அம்மாவும் முறுக்கும் சந்தேஷும் மாற்றித் தின்கிறார்கள்… பையன் சுவரில் இந்திய வரைபடத்தை ஒட்டி ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பொட்டு வைத்தான். விமானத்தில் வந்திருந்தால் ஒரு மதியத்தில் முடிந்துபோயிருக்கும். ரயிலாக இருந்ததால் அவர்கள் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் காத்திருப்பே ஒரு திருவிழா!

வண்டி ராத்திரியில் வந்து நின்றது. பெட்டிக்கு ஒரு ஆளாக ஓடினோம். அண்ணி இறங்கின வேகத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். பிள்ளைகள் இரண்டும் முதலில் ஒன்றையொன்று வெட்கத்தோடு பார்த்தன. ஸ்டேஷன் படி இறங்குவதற்குள் பழைய சண்டையை விட்ட இடத்தில் தொடர்ந்துவிட்டன.

மறுநாள் அண்ணா அலறியடித்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலெல்லாம் வெயில், மணியோ ஐந்து. “ஏம்மா தங்கச்சி, இந்த ஊர்ல சூரியனுக்குத் தூக்கமே வராதா?” நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறோம், கடிகாரமோ எல்லாருக்கும் ஒன்று. சித்திரையில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாயும். இதைச் சமாளிக்கத்தான் அசாம் தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கின்றன. பாகான் நேரம் என்பார்கள், பாகான் என்றால் தோட்டம். இதை விளக்கிச் சொன்னபோது எனக்கே பெருமையாக இருந்தது. என் ஊரைப் பற்றி ஒரு விருந்தாளிக்கு நான் சொல்லித் தருகிறேன்! அதுவரைக்கும் திப்ருகரை ‘என் ஊர்’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவர்கள் கொண்டுவந்த மூட்டையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும். இட்லி அரிசி, கொள்ளு, குண்டு மிளகாய், ஊத்துக்குளி நெய், அம்மா கையால் பிழிந்த வடகம், சென்னிமலைப் போர்வைகள். எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, சந்தகை பிழியும் மரம்! அந்தக் கனமான மரத்தை நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தூக்கி வர ஒருத்தருக்கு மனசு வருகிறதென்றால் அந்த அன்பை எந்தத் தராசில் நிறுப்பது? அன்றைக்கே சந்தகை பிழிந்தோம். அண்ணா பிடியை அழுத்த, அண்ணி தட்டு மாற்ற, தேங்காய்ப்பால் ஒரு பக்கம், எலுமிச்சை ஒரு பக்கம். எலுமிச்சை என்றது காஜி நெமு. நீளமாக, வாசனையே ஆளைத் தூக்கும். 2024-ல் இதைத்தான் அசாம் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. அண்ணி ஒன்றை நறுக்கி முகர்ந்து பார்த்தார், மறுநாளே சந்தையில் கூடை நிறைய வாங்கி ஊறுகாய் போட்டுவிட்டார். இந்த ஊர் ஜோஹா அரிசியில் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினோம். சீரகச் சம்பா போலப் பொடி அரிசி, ஆனால் வாசனை வேறு. ஊத்துக்குளி நெய்யை ஊற்றிப் பிசைந்து உருட்டினால்… இந்த இரண்டையும் சேர்க்கலாம் என்று இத்தனை காலம் யாருக்கும் தோன்றாமல் போயிற்றே!

நாங்கள் கேட்காமலே கூடி வந்தது ஒன்று, அவர்கள் வந்த தேதி. ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைக் கனி. புலியகுளம் விநாயகரைப் பழங்களாலேயே மூடி அலங்கரிக்கும் நாள். இங்கே அன்றைக்குக் கோரு பிகு. ரொங்காலி பிகுவின் முதல் நாள், மாட்டுக்கான நாள். விடியலில் கண்ணாடி, பழத்தட்டு, நகை, வெற்றிலை வைத்துப் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக் கனி காட்டி முடித்தோம். பக்கத்து அசாமியக் குடும்பம் வந்து எல்லாரையும் கையோடு கூட்டிப் போனது. மாட்டைக் குளத்துக்கு ஓட்டிப் போய், அரைத்த உளுந்தும் மஞ்சளும் பூசிக் குளிப்பாட்டுகிறார்கள். சுரைக்காய், கத்தரிக்காய்த் துண்டுகளை மூங்கில் குச்சியில் குத்தி மாட்டின் மேல் வீசி, தின்று கொழுத்து வருஷா வருஷம் வளரு என்று பாடுகிறார்கள். அம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். “இது நம்ம பட்டிப் பொங்கல்தானே!” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். ஒரு வார்த்தை அசாமி தெரியாது. மாட்டுக்கு அது தேவைப்படவும் இல்லை.

அடுத்த நாள் மனுஹ் பிகு, பெரியவர்களைக் கும்பிடும் நாள். பக்கத்து வீட்டு ஆய்த்தா, அதாவது பாட்டி, தன் தறியில் நெய்த கமோசாவை அம்மாவின் தோளில் போட்டார். வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட அந்தத் துண்டுதான் அசாமின் மரியாதைச் சின்னம். 2022-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அண்ணி பெட்டிக்கு ஓடிப் போய் ஒரு சென்னிமலைப் போர்வையை எடுத்துவந்து ஆய்த்தாவுக்குப் போர்த்தினார். இரண்டு பாட்டிகளும் இழையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எள் வைத்துச் சுருட்டிய தில் பிட்டா, தேங்காய் லாரு, ஆளுக்கொரு லோட்டா சிவப்புத் தேநீர். மத்தியானம் காற்று சுழன்றடித்து மழை கொட்டியது. போர்தோய்சிலா என்றார்கள். பிகு நேரத்தில் தாய்வீட்டுக்கு ஓடும் மகள்தான் இந்தப் புயல் என்பது இங்கத்து நம்பிக்கை. திரும்பிப் போகும்போதும் ஒரு தடவை அடித்துவிட்டுத்தான் போவாளாம். அண்ணி என் தோளில் இடித்து, “அப்ப நாந்தான் அவ!” என்றார்.

இப்போது தேயிலைக்கு வருகிறேன். இத்தனை நேரம் இதைச் சொல்லத்தான் துடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாவின் அம்மா வால்பாறையில் வாழ்ந்தவர். லைன் வீட்டில் குடியிருந்து, இடுப்பில் படங்கு கட்டி, அட்டைக்கடியில் நின்று கொழுந்து கிள்ளித்தான் அண்ணாவைப் படிக்க வைத்தார். அவரைத் தேயிலையின் தாய்மண்ணுக்கே கூட்டிப் போகிறோம்! 1823-ல் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குச் சிங்போ மக்கள் தங்கள் காட்டுத் தேயிலையைக் காட்டியது இதே மேல் அசாமில்தான். தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கி, திப்ருகரை ஒட்டின ஒரு தோட்டத்துக்குப் போனோம்.

இறங்கினவுடனே அம்மா கேட்டார்: “மலை எங்க?” வால்பாறை 3,500 அடி உயரம், பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். திப்ருகரோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 அடிதான். கண்ணுக்கெட்டும் வரை தட்டையாய்ப் பச்சை, மேலே குடையாய் வாகை இனத்து நிழல் மரங்கள், தண்ணீர் தேங்காமல் ஓட வரிசைக்கு வரிசை வெட்டிய கால்வாய். அம்மா குனிந்து ஒரு இலையை விரலில் தேய்த்து முகர்ந்தார். “இலை பெருசு. மண்ணு நல்ல மண்ணு.” குளிர்காலத்தில் இங்கே செடி உறங்கிவிடும், மாசி பங்குனியில்தான் துளிர்க்கும் என்று மேஸ்திரி சொன்னதை நான் தமிழில் சொன்னேன். வால்பாறையில் வருஷம் பூராவும் கொழுந்து உண்டு. “பாரேன், இங்க செடிக்கே லீவு குடுக்கறாங்க!” என்று அம்மா வியந்துபோனார்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் பலருடைய முன்னோர்கள் சோட்டா நாக்பூர்ப் பக்கமிருந்து கூட்டிவரப்பட்டவர்கள். அம்மாவின் அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியோடு மலையேறினவர். இங்கத்துத் தோட்டத்தில் நடந்ததை எழுதும்போது இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. வயதான ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் நின்ற அம்மா, ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் செடி மேல் வைத்தார். இரண்டு இலை ஒரு மொட்டு, இரண்டு இலை ஒரு மொட்டு… வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் விரல் மறக்கவில்லை. எதிரெதிர் வரிசையில் வேலை செய்த அத்தனை பேரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெண் அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரல் ஓரத்துத் தழும்பைத் தடவிப் பார்த்து, தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே இடத்தில் அதே தழும்பு! பிறகு சிரிப்பு தாங்கவில்லை இருவருக்கும். தன் மூங்கில் தொப்பியைக் கழற்றி அம்மா தலையில் வைத்தார். நிறுவை நேரம் வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே கிள்ளினார்கள்; அம்மா கிள்ளினதெல்லாம் அந்தப் பெண்ணின் கூடைக்கே போனது. அண்ணா ஒரு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தைத் தாண்டித் தினமும் ஆட்டோவில் போகிறேன். பச்சை என்று மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது. அம்மா வந்துதான் அது எனக்குத் தோட்டமாகத் தெரிந்தது.

சிவசாகர் போனோம், அஹோம் அரசர்களின் சிவதோல் கோபுரமும் ரங் கரும் பார்த்தோம், நன்றாகவே இருந்தன. என்னைக் கேட்டால், தூரத்திலிருந்து வந்த நண்பர்களை இடம் காட்டியே அலைக்கழிக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரித்துப் படுத்து, சிங்காநல்லூரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு வீடாகக் கேட்பது இருக்கிறதே, அதற்கு எந்தக் கோபுரமும் நிகராகாது.

பொகிபீல் பாலத்துக்கு மட்டும் கட்டாயம் போக வேண்டும் என்று நின்றேன். 2018 டிசம்பர் 25 அன்று திறந்த பாலம், 4.94 கிலோமீட்டர், மேலே வாகனம், கீழே ரயில். நொய்யல் தண்ணீரில் நிறையும் சிங்காநல்லூர்க் குளத்தைப் பார்த்துப் பழகிய அண்ணாவுக்குப் பிரம்மபுத்திராவைக் காட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. கார் ஓடுகிறது, ஓடுகிறது, ஆறு முடியவே இல்லை. “இது ஆறா, கடலா தங்கச்சி?” 1950 ஆகஸ்ட் 15 அன்று வந்த 8.6 ரிக்டர் பூகம்பத்தில் இந்த ஆற்றின் படுகையே மேலே எழும்பி, பிறகு வெள்ளம் திப்ருகரின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. இன்றைக்கு ஊரைக் காப்பது கரையோர அணைதான். அந்தக் கரையில் சாயங்காலம் பிள்ளைகள் ஓட, வீட்டுக்காரரும் அண்ணாவும் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, பழையபடி உலக விவகாரம் முழுவதையும் பேசித் தீர்த்தார்கள். மாற்றல் வந்த நாளிலிருந்து இவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. இதற்கெல்லாம் மருந்து எந்தக் கடையில் கிடைக்கும்?

ஊருக்குப் போகும்போது அவர்கள் பெட்டி வந்தபோது இருந்ததைவிடக் கனம். தேயிலைத் தூள், ஜோஹா அரிசி, காஜி நெமு ஊறுகாய், கமோசா, அம்மாவுக்கு அந்தத் தோட்டத்துப் பெண் கொடுத்தனுப்பிய மூங்கில் தொப்பி. சந்தகை மரத்தை மட்டும் திருப்பி எடுத்துப் போகவில்லை. “இது இனி இங்கத்து மரம்” என்று அண்ணி அடுப்படிப் பரணில் ஏற்றிவிட்டார். பக்கத்து வீட்டு ஆய்த்தா இப்போது வாரம் ஒரு தடவை சந்தகை சாப்பிட வருகிறார், வெல்லத்தோடு.

போன வாரம் அண்ணி கூப்பிட்டார். கார்த்திகைப் பௌர்ணமிக்கு மாஜுலி ஆற்றுத் தீவில் நடக்கும் ராஸ் விழாவைப் பற்றி நான் சொன்னது அம்மாவின் மனசில் ஒட்டிக்கொண்டதாம். முகமூடி போட்டு விடிய விடிய கிருஷ்ணன் கதை ஆடுவார்கள் என்றேன்; நம்ம கூத்து மாதிரியா என்று தினமும் கேட்கிறாராம். அண்ணா லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை அண்ணியின் தங்கை குடும்பமும் வருகிறது. நான் இப்போதே இரண்டு மெத்தை கூடுதலாகத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்!