‘திறன்’ யாருடைய சொல்?

நாவலைக் கட்டுடைக்கிறோம், சினிமாவைக் கட்டுடைக்கிறோம். ஒரு சட்டத்தைப் பிரதியாக எடுத்துவைத்து வரிவரியாக வாசிக்கிற பழக்கம் மட்டும் நம்மிடையே வளரவில்லை. ‘அது பொருளாதாரம் படிச்சவங்க வேலை’ என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு பெண்ணின் நாள்கூலி சட்டத்திலுள்ள ஒரு சொல்லைப் பிடித்துத்தான் தொங்குகிறது. ‘திறன்’ என்பது அந்தச் சொல். மைய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடக்கும் நிதிச் சண்டைக்கு அடியில் இது சத்தமில்லாமல் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க விரும்புகிறேன்.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ‘திறன்சாரா உடலுழைப்பு’ செய்ய முன்வரும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்றது. தர்மபுரி மாவட்டத்துக்கு அது மூன்றாம் கட்டமாக 2008 ஏப்ரலில் வந்தது. ‘திறன்சாரா’ என்பதை வெறும் வர்ணனையாக வாசித்தால் ஏமாந்துபோவோம். அது ஒரு கணக்குத் தலைப்பு. திறன்சாரா உழைப்பின் கூலி முழுவதையும் மைய அரசு தரும். பொருட்செலவு, திறன்பெற்றோர் கூலி இவற்றில் முக்கால் பங்குவரை மையம், மீதி மாநிலம். ஆக, மண் வெட்டுகிற பெண் திறனற்றவர் என்று எழுதப்பட்டால்தான் தில்லியிலிருந்து முழுக்கூலி வரும். அந்தக் கூலி எவ்வளவு என்பதையும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு மையமே அறிவித்தது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு 336 ரூபாய்.

தமிழ்நாட்டில் இந்த வேலை நாட்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பெண்களுடையவை. கரைக்கு எந்தப் பக்கம் சரிவு வைப்பது, எந்த மழைக்கு ஓடையில் எவ்வளவு தண்ணி வரும், மதகு எங்கே அடைத்துக்கொள்ளும் – இதெல்லாம் ஏரியில் மண் சுமப்பவர்களுக்குத் தெரியும். அந்த அறிவைக் குறிக்கச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை.

இருந்தும் அந்தச் சட்டத்தை நான் ஆதரித்தே பேசுவேன். காரணம், அதில் கேட்கும் உரிமை இருந்தது. வேலை கேட்டு 15 நாளில் கிடைக்காவிட்டால் படி தரவேண்டும். ‘நூறு நாள் வேலை வந்ததிலருந்து ஆளே கெடைக்கல, ஏரியில சும்மா உக்காந்துட்டு வர்றாளுங்க’ என்று நிலமுள்ளவர்கள் அலுத்துக்கொள்வது நம் எல்லோர் காதிலும் விழுந்ததுதான். இந்த அலுப்பையே ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம். சொன்ன கூலிக்குப் போய்த்தீர வேண்டும் என்றிருந்த பெண்ணுக்கு, ‘வரல’ என்று சொல்ல ஒரு இடம் கிடைத்துவிட்டது.

மைய ஆட்சி மாறியபோது சொல்லாடலும் மாறியது. தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தை 2008இல் துவக்கியது காங்கிரஸ் அரசுதான். 2014இல் திறனுக்கென்றே ஓர் அமைச்சகம் வந்தது. 2015 ஜூலையில் பிரதமர் பெயரிலான திறன் மேம்பாட்டுத் திட்டம். அதே 2015இல் நூறு நாள் வேலையைக் காங்கிரசின் தோல்விக்கு நினைவுச்சின்னம் என்று நாடாளுமன்றத்தில் ஏளனம் செய்தார் பிரதமர். (2020இல் கொரோனா ஊரடங்கின்போது பெங்களூரிலிருந்து ஜனங்கள் திரும்பி வந்தபோது அந்த நினைவுச்சின்னம்தான் சோறு போட்டது. 2020-21இல் அதற்குச் செலவான தொகை 1,11,000 கோடியைத் தாண்டியது.) வேலை கொடுப்பதிலிருந்து பயிற்சி கொடுப்பதற்கு அரசு நகர்வது இங்கே மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவேலைகளுக்கு நிதி தந்தது. ரீகன் 1982இல் கொண்டுவந்த சட்டம் அதை ஒழித்து, பயிற்சியை மாநிலங்களிடமும் தனியார் தொழில் குழுக்களிடமும் விட்டது. வேலை இல்லாதது அரசின் குறையாக இருந்தபோது அரசிடம் கேள்வி கேட்க முடிந்தது. இப்போது குறை இளைஞனிடம் என்றாகிவிடுகிறது: ‘உனக்குத் திறன் இல்லப்பா.’

யார்மேல் சந்தேகம், யார்மேல் நம்பிக்கை என்று பாருங்கள். மண் சுமக்கிற பெண்ணை 2023 ஜனவரியிலிருந்து நாளைக்கு இரண்டு தடவை செல்போனில் படம் பிடித்தார்கள். 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியாகத்தான் கூலி என்றார்கள். திறன் திட்டத்திலோ, பயனாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் வங்கிக் கணக்கு எண் இருக்கவேண்டிய இடம் வெற்றாகவோ சுழியாகவோ கிடந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2025 டிசம்பரில் சொன்னது.

இனி விஸ்வகர்மா. 2023 செப்டம்பர் 17இல் துவங்கிய, 13,000 கோடி ரூபாய்த் திட்டம். 18 தொழில்களைப் பட்டியலிடுகிறது: தச்சர், கொல்லர், குயவர், முடிதிருத்துபவர், சலவை செய்பவர், செருப்புத் தைப்பவர், கொத்தனார்... ‘குடும்பவழிப் பாரம்பரியத் தொழில்’, ‘குரு-சிஷ்ய பரம்பரை’ என்பவை அதன் மையச் சொற்கள். 18 வயதிலேயே சேரலாம், குடும்பத்துக்கு ஒருவர்தான். கொத்தனார் பட்டியலில் உண்டு. அவருக்குக் கலவை போட்டுச் செங்கல் ஏற்றிக் கொடுக்கிற சித்தாள் பெண் இல்லை. ஆக, பிறப்பால் வந்த தொழிலுக்குத் ‘திறன்’ என்று பட்டம். முப்பது வருஷம் செய்து கற்ற வேலைக்குத் ‘திறன்சாரா’ என்று முத்திரை. சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பவர்களையே படிநிலையில் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கியதை இந்தப் பட்டியலுக்கு உரையாகவே வாசிக்கலாம்.

தமிழ்நாட்டில் இது சட்டென்று புரிந்ததற்குக் காரணம் 1953. அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்ற அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி, பின்னாளில் தர்மபுரி மாவட்டத்தில் சேர்ந்து 2004இல் கிருஷ்ணகிரியோடு பிரிந்துபோன ஓசூர்ப் பகுதியின் தொரப்பள்ளிக்காரர். குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் அவர் பதவி விலக, காமராசர் அதைக் கைவிட்டார். அந்த நினைவோடுதான் 2024 நவம்பரில் மு.க. ஸ்டாலின் விஸ்வகர்மா திட்டத்தை ஏற்க மறுத்துக் கடிதம் எழுதினார். 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. குடும்பத் தொழில் நிபந்தனை இல்லை. குறைந்தபட்ச வயது 35. பையன் படித்து வெளியேறக் கதவு திறந்திருக்கட்டும் என்பது இந்த 35இன் பொருள். இது நியாயமான மறுப்பு. ஐயமில்லை.

எனக்குள்ள கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. பிறப்பை நீக்கிய பிறகும் ‘திறன்’ எது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸ் கூட்டில் மாற்றியமைக்க 2022இல் மாநில அரசு முடிவெடுத்தது. எந்திரங்கள் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஐ.டி.ஐ.க்குள் நுழைய எட்டாவதோ பத்தாவதோ தேறியிருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 68.54 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே கடைசியாக நின்ற மாவட்டம் தர்மபுரி. கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் பெங்களூர் பஸ் ஏறுகிறவர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள்? பழைய பட்டியலைச் சாதி எழுதியது. புதியதை ஆலைகளின் தேவை எழுதுகிறது. வேலை செய்பவர் எழுதிய பட்டியல் ஒன்றுகூட இல்லை.

2021க்குப் பிறகு ‘ஒன்றிய அரசு’ என்று சொல்லத் துவங்கினோம். பெயர் மாறியதால் கணக்குப் புத்தகம் மாறிவிடவில்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டின் நூறு நாள் கூலி பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று ஆளும் கட்சியே ஒன்றியம் ஒன்றியமாகப் போராடியது. அந்த டிசம்பரில் காந்தி பெயரிலான சட்டத்தை நீக்கி வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாட்கள் 125 என்று ஏறின. கூலியில் 40 பங்கு மாநிலத்தின் தலையில் ஏறியது. எவ்வளவு நிதி என்பதை மையம் நிர்ணயிக்கும், அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்துடையது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள்வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். அதாவது ‘வரல’ என்று சொல்ல இருந்த இடம், கூலி கூட்டிக் கேட்கத் தோதான அந்தப் பருவத்திலேயே அடைபடுகிறது. இவ்வளவையும் மாற்றியவர்கள் ‘திறன்சாரா உடலுழைப்பு’ என்ற சொல்லை மட்டும் தொடவில்லை.

மாநில உரிமை பேசும் தோழர்களிடம் சொல்ல விரும்புவது இதுதான். 60:40ஐ எதிர்க்க வேண்டும், பாக்கியைக் கேட்க வேண்டும். ஆனால் அந்தச் சண்டை கூலியை யார் தருவது என்பதோடு முடிந்தால், எந்த அரசு பணம் கொடுத்தாலும் அந்தப் பெண் திறனற்றவராகவே கணக்கில் ஏறுவார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கூலி கூடாது, 60 நாள் அடைப்பு கூடாது, ‘திறன்சாரா’ என்ற சொல்லை நீக்க வேண்டும் – மூன்றையும் ஒரே கோரிக்கையாக மே 1 கிராமசபையில் தீர்மானமாக வைக்கலாம். ஏரியில் என்னென்ன வேலை நடக்கிறது, அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை வேலை செய்பவர்களே சொல்ல, நாம் எழுதிக்கொடுக்கலாம். எழுத்தாளர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோமே, இந்த எழுத்துவேலையையும் செய்வோம்.