செங்கால் நாரையும் நம் மறையுரைகளும்

வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் செல்லும் மதுரைக் கத்தோலிக்கருள், அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் உள்ள கோடியக்கரை வரை போனவர் மிகச் சிலரே. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்ற அந்த உப்பங்கழிப் பரப்பில், ஐப்பசி தொடங்கி மாசி வரை பறவைகளே குடிமக்கள். சென்ற தை மாதம், கடன் வாங்கிய தொலைநோக்கியோடு ஒரு விடியற்காலை அங்கே நின்றேன். தொலைவில் பூநாரைகள் தலைகீழாக அலகை அமிழ்த்தி மேய்ந்தன. காலடிக்கு அருகே, வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் பிறந்து ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் கொசு உள்ளான்கள் சேற்றைக் கொத்தி ஓடின. நான் தேடிப்போன பறவை மட்டும் வரவில்லை. அது சத்திமுத்தப் புலவரின் செங்கால் நாரை.

அந்தத் தனிப்பாடலை அறியாத தமிழர் இரார். கும்பகோணத்துப் பக்கத்துச் சத்திமுத்தத்திலிருந்து பரிசில் நாடி மதுரைக்கு வந்த புலவர், வாடைக் குளிரில் ஆடையின்றி நடுங்குகிறார். வானில் செல்லும் நாரையை அழைத்துத் தம் மனைவிக்குத் தூது சொல்லி விடுகிறார். பள்ளியில் இதை வறுமைப் பாட்டு என்று கற்றோம். பாண்டியன் கேட்டு மனமிரங்கிப் பரிசளித்த கதையையும் உடன் கற்றோம். அந்தக் கதையால் பாட்டுக்குக் கேடே விளைந்தது என்பது என் கருத்து. பாட்டினுள் பொன் இல்லை, பரிசில் இல்லை. பாண்டியன் பெயர் வருவது ஊரைச் சுட்டுவதற்கு மட்டுமே.

பாட்டினுள் இருப்பது பார்வை. நாரையின் கால் சிவப்பு, கூரிய அலகு பவளநிறம். அலகின் வடிவத்துக்கு உவமை பிளந்த பனங்கிழங்கு. நம் ஏரிகளில் எளிதில் காணும் மஞ்சள்மூக்கு நாரைக்கு இந்த அலகு பொருந்தாது. பொருந்துவது வெண்ணாரை என்று பறவை அறிந்தோர் சொல்வர். வெள்ளுடலும் கருஞ்சிறகும் சிவந்த காலும் அலகும் கொண்ட அது, குளிர்காலத்தில் மட்டும், அதுவும் தமிழகத்துக்கு அரிதாகவே வருவது. பனங்கிழங்கு கிடைக்கும் பருவமும் மார்கழி, தைதான். மனைவி இருக்கும் வீட்டின் சுவர் மழையில் நனைந்திருப்பதும் அக்காலத்துக்கு ஒத்ததே. உவமையும் சுவரும் நாரையும் ஒரே பருவத்தவை. ஏட்டைப் பார்த்து எழுதியவருக்கு இது வாய்க்காது.

ஓரிடத்தில் புலவர் சற்றே பொய் சொல்கிறார். நாரையும் அதன் துணையும் சேர்ந்தே குமரிக்குச் சென்று திரும்புவதாகப் பாடுகிறார். வெண்ணாரை இணைகள் குளிர்காலத்தை ஒன்றாகக் கழிப்பதில்லை, கூட்டுக்குத் திரும்பியபின்தான் சேர்கின்றன என்பர் இயற்கை நூலார். தனித்துக் கிடப்பவனுக்கு வானில் ஓர் இணை தேவைப்பட்டது. மன்னித்துவிடலாம்.

பாலஸ்தீன வானில் ஆண்டுதோறும் பெருந்திரளாகக் கடந்து செல்வதும் இதே வெண்ணாரைதான். எபிரேயர் நாரையை 'ஹசிதா' என்றனர்; பேரன்பைக் குறிக்கும் 'ஹெசெட்' என்னும் சொல்லின் உறவு அது. இறைவாக்கினர் எரேமியா (8:7), தன் காலத்தை அறிந்த நாரையைக் காட்டி, ஆண்டவரின் நீதியை அறியாத மக்களைக் கடிந்துகொள்கிறார். எரேமியாவுக்கு அது திரும்பத் தெரிந்த பறவை. நம் புலவருக்கோ, தாம் திரும்ப இயலாத வீட்டின் வழியாகத் திரும்பப் போகிற பறவை. இரண்டாவது எனக்கு அதிகம் வலிக்கிறது.

இனி நம் மறையுரைகளுக்கு வருவோம். மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் வானத்துப் பறவைகளை நாம் எத்தனை முறை பறக்க விட்டிருக்கிறோம்! ஒரு மார்கழியில் நானும் கவலை வேண்டாம் என்று விரிவாக உரைத்தேன். திருப்பலி முடிந்ததும், மெல்லிய துண்டைப் போர்த்தி வாசலில் நின்ற கூலித் தொழிலாளி ஒருவர், "சாமி, குருவிக்கு எறகு இருக்குல்ல?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. என்னிடம் மறுமொழி இல்லை.

பறவைகளைப் பார்க்கச் சொல்லுமிடத்தில் மத்தேயு ஆளும் கிரேக்க வினை 'எம்ப்ளெப்போ'. ஊன்றி நோக்குதல் என்பது பொருள். செல்வனான அம்மனிதரை இயேசு நோக்கி அவர்மேல் அன்புகொண்டதாக மாற்கு (10:21) சொல்வதும், மறுதலித்த பேதுருவை அவர் திரும்பி நோக்கியதாக லூக்கா (22:61) சொல்வதும் இதே வினையால்தான். பறவையை நாம் எடுத்துக்காட்டாக்கினோம், நோக்கவில்லை. எதிரே நடுங்கியவரையும் நோக்கவில்லை.

புலவரின் வேண்டுகோளை இப்போது படித்தால் அதன் சிறுமை திகைக்க வைக்கிறது. துணி கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை. கைகளால் உடலைத் தழுவி, கால்களையே போர்வையாக்கி, பெட்டிக்குள் அடைபட்ட பாம்புபோல மூச்சுவிடும் ஓர் ஏழையைக் கண்டோம் என்று மட்டும் சொல்லச் சொல்கிறார். அவள் அங்கே பல்லி சொல்லும் குறிக்குக் காது கொடுத்துக் காத்திருக்கிறாள்.

அடுத்த முறை கும்பகோணம் செல்லும்போது பட்டீச்சரத்தருகே சத்திமுற்றத்தில் இறங்க எண்ணியுள்ளேன். குளத்தில் நாரை இறங்கியிருக்குமோ இல்லையோ. தையில் போனால் பனங்கிழங்காவது கிடைக்கும்.