ஆளுக்கொரு காது
கணினியில் எனக்கு மிகப் பிடித்த வசதி, பலரும் எட்டிப் பார்க்காத ஒலி அமைப்புக்குள் இருக்கிறது. இளையராஜா பாட்டு ஸ்பீக்கர் வழியே கூடத்துக்கு. அலுவலக மீட்டிங்கின் பேச்சு ஹெட்போனில் என் காதுக்கு மட்டும். ஒரே கிணறு, இரண்டு வாய்க்கால். (பாட்டு மைக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம்.)

விண்டோஸ் 10-இல் 2018 ஏப்ரல் அப்டேட்டோடு இது வந்தது: எந்தச் செயலியின் ஒலி எந்தக் கருவிக்கு என்று தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 11-இல் வால்யூம் மிக்ஸரிலேயே உண்டு. லினக்ஸ்காரர்களுக்கோ இது பழைய சங்கதி. பல்ஸ்ஆடியோ என்ற ஒலி மென்பொருளில் பாட்டு ஓடும்போதே ஸ்பீக்கரிலிருந்து ஹெட்போனுக்கு மாற்றிவிடுவார்கள். அந்த லாகவம் தனி அழகு.

ஒரு குறை. பிரவுசர் முழுவதையும் விண்டோஸ் ஒரே செயலியாகத்தான் பார்க்கும், டேப்களைப் பிரிக்காது. பாட்டுக்கு ஒரு பிரவுசர், மீட்டிங்குக்கு வேறொன்று என வைத்துக்கொள்ளுங்கள்.