சுமந்தவர் சொன்ன கதை

அடையாற்றுக்கு அண்மையில் உள்ளது பரங்கிமலை. அதனருகே 1802இல் லாம்ப்டன் தொடங்கிய நில அளவை, வடக்கே இமயம்வரை நீண்டது. நேபாளத்தின் மட்டுமன்று, உலகின் உயர்ந்த சிகரமே அளவைத் துறையின் முன்னாள் தலைவர் எவரெஸ்டின் பெயரைத் தாங்கிற்று. சங்கிலி சுமந்தவர் பெயரைத் தாங்கிய குன்று எது?

சுமந்தவரே பேசினால்? அப்படிப் பேசும் நூல்தான் 1955இல் வெளிவந்த டென்சிங் நோர்கேயின் தன்வரலாறு, 'மேன் ஆஃப் எவரெஸ்ட்'. 1935இல் சுமைகூலியாகச் சென்றவர், ஏழாம் பயணத்தில், 1953 மே 29 அன்று, ஹில்லரியுடன் உச்சியில் நின்றார்.

முதலில் அடி வைத்தவர் யார்? 'டென்சிங்' என்று சொல்லச் சொல்லிக் காட்மாண்டுவில் கூட்டம் நெருக்கிற்று. தலையசைத்திருந்தால் ஆரவாரம் விண்ணை எட்டியிருக்கும். அவரோ, ஹில்லரியே முதலில் அடி வைத்தார் என்று நூலில் உரைக்கிறார். ஒரே கயிற்றில் பிணைந்தவர்க்குள் முன்னென்ன, பின்னென்ன?

இது அடிமையின் அடக்கமா? அன்று! பிரிட்டிஷ் தூதரகத்தில் ஷெர்ப்பாக்கள் மோட்டார் கொட்டகையில் தங்கவைக்கப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. தமக்குச் சேராத புகழை மறுத்தவர், தம் தோழர்க்குச் சேரவேண்டிய மதிப்பை மறக்கவில்லை.

குறையும் உண்டு. எழுதப் படிக்க அறியாத அவர் சொல்ல, அமெரிக்க எழுத்தாளர் உல்மன் ஆங்கிலத்தில் எழுதினார். டென்சிங் எங்கே முடிகிறார், உல்மன் எங்கே தொடங்குகிறார் என்பது புலப்படவில்லை. சிகரம் எட்டிய கைக்கு எழுத்து எட்டவில்லை!

மயிலாப்பூரில் என் மாணவரிடம் சிகரத்தின் உயரம் கேட்டேன்; 8,848 மீட்டர் என்றனர். சுமை தூக்கியோரைப் பற்றிக் கேட்டேன்; வகுப்பு ஊமையாயிற்று. உயரத்தை மனப்பாடம் செய்வித்த நாம், உயர்த்தியோரை என்று கற்பிப்போம்?